தேய்வும் பழுதும்

பொருள்கள் பழமையடைவது இரு வழிகளில். ஒன்று தேய்வு, மற்றொன்று பழுது. கிணற்றின் கல்விளிம்பில் கயிறு அறுத்த தடம் தேய்வு. அதே கிணற்றின் சுவர் சரிந்து விழுவது பழுது. அம்மியின் நடுவே விழுந்த குழி தேய்வு. அம்மி இரண்டாகப் பிளப்பது பழுது. தேய்வு, அப்பொருள் உழைத்ததற்குச் சான்று. பழுது, அது உழைப்பை நிறுத்திக் கொண்டதற்கு அறிவிப்பு. இவ்விரண்டையும் ஒன்றாகவே எண்ணிக் கொள்வோர் உலகில் மிகப் பலர். தேய்ந்ததைப் பழுதென்று கருதித் தூக்கி எறிவதும், பழுதானதைப் பழமையென்று போற்றிப் பூட்டி வைப்பதும் அதனால்தான் நேர்கின்றன.

இந்த வேறுபாட்டை நாம் எந்த நூலிலும் படித்து அறியவில்லை. பழைய மின்கிதார்களும், அவற்றின் ஓசையைப் பெருக்கித் தரும் பழைய வால்வு ஆம்ப்ளிபையர்களுமே நமக்கு அதைக் கற்றுத் தந்தன. இளமையில் வானொலிப் பெட்டி பழுது பார்ப்பது நமது தொழில். நாகைக் கடைத்தெருவில், ஒரு மேசையும் ஒரு பற்றவைப்புக் கோலும் ஒரு மீட்டருமே முதலாகத் தொடங்கிய தொழில். வீட்டுக்கு வீடு இலங்கை வானொலி முழங்கிய நாட்கள் அவை. டிரான்சிஸ்டர் வந்தது; வால்வு வானொலிகள் பரணுக்கு ஏறின; நமது மேசையிலும் தூசி படிந்தது. கையில் தொழில் இருந்தது. பழுது பார்க்கப் பெட்டிகள் இல்லை. அவ்வேளையில்தான் பழைய ஆம்ப்ளிபையர்கள் நம்மைத் தேடி வந்தன. அவற்றின் பின்னாலேயே கிதார்களும் வந்து சேர்ந்தன.

நம்மிடம் இருப்பவை பெருஞ்செல்வர்களின் சேகரிப்போடு ஒப்பிடத் தக்கவை அல்ல. கிதார்கள் நான்கு, ஆம்ப்ளிபையர்கள் மூன்று, அவ்வளவே. எல்லாம் அடிபட்டவை, உராய்ந்தவை, நிறம் போனவை. ஆனால் எல்லாம் ஒலிப்பவை. மாலை வேளைகளில் அவற்றுள் ஒன்றையேனும் எடுத்து அரைமணி நேரம் வாசிக்காமல் நாம் இருப்பதில்லை. வாசிப்பில் நாம் வல்லுநர் அல்லர். எனினும் ஓசைக்கும் உறுப்புக்கும் உள்ள உறவைக் காதால் அறியும் அளவுக்குப் பழக்கம் உண்டு.

மின்கிதாரின் வரலாற்றில் நமக்கு மிகவும் உவப்பான செய்தி ஒன்று உண்டு. உலகம் முழுவதும் இன்று அறியப்படும் ஃபெண்டர் கிதார்களை உருவாக்கிய லியோ ஃபெண்டரும் வானொலி பழுது பார்த்தவரே! 1909ஆம் ஆண்டில் பிறந்த அவர், 1938ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் சிறிய வானொலிக் கடை ஒன்றைத் திறந்தார். இசைக்கலைஞர்கள் தங்கள் ஆம்ப்ளிபையர்களைச் செப்பனிட அவரிடம் கொண்டு வந்தனர். பிறர் செய்தவற்றின் குறைகளைத் திருத்தித் திருத்தியே, குறையில்லாமல் செய்வது எப்படி என்பதை அவர் கற்றார். அவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது என்பது வியப்பிலும் வியப்பு.

வாசிக்கத் தெரியாதவர் செய்த கருவி ஏன் வென்றது? பழுது பார்ப்பவனின் கண்ணோடு அவர் அதைச் செய்தார் என்பதே நமது விடை. அதற்கு முன்னிருந்த நல்ல கிதார்களில் கழுத்தை உடலோடு பசை வைத்து இணைப்பர். கழுத்து வளைந்தால் பெருஞ்செலவு. ஃபெண்டர் கழுத்தை நான்கு திருகாணிகளால் பொருத்தினார். கழுத்து கெட்டால் கழற்றி மாற்றலாம். மின்னுறுப்புகள் எல்லாவற்றையும் ஒரு தகட்டைக் கழற்றினாலே எட்டித் தொடலாம். 1950ஆம் ஆண்டில் ‘பிராட்காஸ்டர்’ என்ற பெயரில் அந்தக் கிதார் வெளிவந்தது. அதையொத்த பெயரில் வேறொரு நிறுவனம் முன்னரே முரசுகள் விற்று வந்ததால், அடுத்த ஆண்டில் அது ‘டெலிகாஸ்டர்’ ஆயிற்று. 1954ஆம் ஆண்டில் ‘ஸ்ட்ராட்டோகாஸ்டர்’ வந்தது. 1965ஆம் ஆண்டில் ஃபெண்டர் தம் நிறுவனத்தை விற்றுவிட்டார். அதற்கு முன் செய்யப்பட்டவற்றையே சேகரிப்போர் இன்று பொன்னாக மதிக்கின்றனர்.

அவர் செய்தவை தேய்வதற்கென்றே செய்யப்பட்டவை என்பதை இங்கே கருத வேண்டும். உழுபவனுக்குக் கலப்பை எப்படியோ அப்படி, நாள்தோறும் உழைக்கும் கலைஞனுக்கு ஒரு கருவி. கண்ணாடிப் பேழையில் அமரும் எண்ணம் அதற்கு என்றும் இருந்ததில்லை.

இனி, தேய்வு எவ்வாறு நிகழ்கிறது என்பதைப் பார்ப்போம். அக்காலத்துக் கிதார்களின் மேற்பூச்சு நைட்ரோசெல்லுலோஸ் என்னும் பொருளால் ஆனது. மெல்லிய பூச்சு. ஆண்டுகள் செல்லச் செல்ல அது சுருங்கும். வெண்மை பாலாடை நிறமாகும். குளிரும் வெப்பமும் திடீரென மாறினால் வற்றிய குளத்து மண் போல நுண்ணிய வெடிப்புகள் ஓடும். வாசிப்பவனின் முன்கை படும் இடத்தில் வியர்வையும் உராய்வும் சேர்ந்து பூச்சைக் கரைக்க, உள்ளிருக்கும் மரம் வெளியே தெரியும். 1960களின் கடைசியில் தடித்த பிளாஸ்டிக் பூச்சுகள் வந்தன. அவை எளிதில் தேய்வதில்லை. ஆனால் அடிபட்டால் சில்லாகப் பெயர்ந்து விழுகின்றன. தேயத் தெரியாதது உடையும் என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

விரற்பலகையின் குறுக்கே பதிக்கப்பட்ட உலோகக் கம்பிகளும் தேய்கின்றன. வீணையில் மெட்டு என்கிறோமே, அதற்கு இணையானவை இவை. ‘நிக்கல் வெள்ளி’ என்று இதன் உலோகத்துக்குப் பெயர். செம்பும் துத்தநாகமும் நிக்கலும் கலந்தது. வெள்ளி ஒரு துளியும் கிடையாது. கிதாரின் தந்திகளோ எஃகு. எஃகு மெட்டின் மேல் ஆயிரமாயிரம் முறை அழுந்தும்போது, தந்தி படும் இடத்தில் சிறு பள்ளம் விழுகிறது. எந்த மெட்டில், எந்தத் தந்தியின் கீழ், எவ்வளவு ஆழம் என்று பார்த்தால் போதும்; அந்தக் கிதாரை வைத்திருந்தவர் எதை வாசித்தார் என்பதை ஏறக்குறையச் சொல்லிவிடலாம். முதல் மூன்று மெட்டுகளில் மட்டும் பள்ளம் இருந்தால், பாட்டுக்குத் துணையாகச் சுரக்கோவைகளை மீட்டியவர். மேல் மெட்டுகளில், மெல்லிய தந்திகளின் கீழ் பள்ளம் இருந்தால், தனி மெட்டிசை வாசித்தவர். முதுகுப் பக்கத்தில் இடைவாரின் கொக்கி கீறிய தடங்கள் இருந்தால், தோளில் மாட்டி நின்று கொண்டு வாசித்தவர்.

இந்தப் படிப்பை நாம் முழுமையாகப் பயின்றது ஒரே ஒரு கிதாரில். நம் வாப்பாவின் தம்பி, நாம் சாச்சா என்றழைத்தவர், சிங்கப்பூரில் துணிக்கடை ஒன்றில் பன்னிரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தார். 1968ஆம் ஆண்டில் ‘ரஜூலா’ கப்பலில் நாகைக்கு வந்து இறங்கியபோது, அவருடைய பெட்டி படுக்கைகளோடு நீண்ட கறுப்பு உறையொன்றும் வந்தது. உள்ளே ‘டெய்ஸ்கோ’ என்னும் ஜப்பானிய மின்கிதார். அக்காலத்துச் சிங்கப்பூரில் அது வியப்புக்குரிய பொருளன்று. 1961ஆம் ஆண்டில் கிளிஃப் ரிச்சர்டும் ‘ஷேடோஸ்’ குழுவினரும் அங்கு வந்து வாசித்துச் சென்ற பின், தெருவுக்குத் தெரு கிதார்க் குழுக்கள் தோன்றின. அமெரிக்கக் கிதார் வாங்க இயலாதவர்களுக்கு ஜப்பானியக் கிதார்கள் கைகொடுத்தன. ஆனால் சாச்சா கணக்குப் புத்தகத்தைத் தவிர வேறொன்றும் அறியாதவர் என்பதே வீட்டாரின் எண்ணம். “கூட்டாளி ஒருவன் கொடுத்தது” என்று மட்டும் சொல்லி, உறையை அலமாரியின் மேல் வைத்தார். அவர் அதைத் தொட்டு நாம் பார்த்ததில்லை. 1991ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். அதன் பின்னரே, ஒலிக்காத கருவி என்ற முறையில் அது நமது மேசைக்கு வந்தது.

திறந்து பார்த்தபோது கருவி பேசியது. முன்கை படும் விளிம்பில், உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு கரைந்து மரம் தெரிந்தது. ஓரிரு மாதப் பழக்கத்தில் நேர்வதன்று அது. பல்லாண்டு இரவுகளின் வேலை. ஐந்தாவது மெட்டிலிருந்து ஒன்பதாவது மெட்டு வரை, முதலிரு தந்திகளின் கீழ், ஆழமான பள்ளங்கள். மெட்டிசை வாசித்த கை அது. கழுத்தின் பின்புறம் பெருவிரல் வழுக்கிச் சென்ற பாதை கண்ணாடி போல் வழவழத்தது. ஆனால் முதுகில் ஒரு கீறல் இல்லை. தோள்வார் மாட்டும் குமிழ்கள் புதிதாகவே இருந்தன. தொடை மேல் வைக்கும் வளைவில் மட்டும் பூச்சு மங்கியிருந்தது. ஆகவே இதை வாசித்தவர் ஒருநாளும் மேடையில் நின்றதில்லை. அமர்ந்து, ஒருவேளை கடைக்கு மேலிருந்த அறையில், கதவை மூடிக் கொண்டு, தமக்காகவே வாசித்திருக்கிறார்.

கூட்டாளி கொடுத்ததுதானோ, அந்தக் கூட்டாளியின் தேய்வுதானோ என்ற ஐயம் நமக்கும் எழாமலில்லை. ஆனால் சாச்சாவின் வலக்கை முன்கையில், முழங்கைக்குச் சற்றுக் கீழே, தோல் தடித்துக் காய்த்திருந்ததை நாம் சிறுவயதில் கண்டிருக்கிறோம். “துணிக்கட்டைத் தூக்கித் தூக்கி வந்தது” என்பார். துணிக்கட்டு அந்த இடத்தில் உராய்வதில்லை.

உலகறிந்த கிதார்களிலும் தேய்வு இப்படிப் பேசுவதுண்டு. அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சனின் ‘ட்ரிக்கர்’ அவற்றுள் தலையாயது. மார்ட்டின் நிறுவனத்தின் நைலான் தந்திக் கிதார் அது. 1969ஆம் ஆண்டில் 750 டாலருக்குக் கண்ணால் பாராமலே வாங்கினார். வாங்கிய சிறிது காலத்தில் அவருடைய வீடு தீப்பற்றியது. எரியும் வீட்டுக்குள் ஓடி அவர் மீட்டு வந்தவற்றுள் அதுவும் ஒன்று. நைலான் தந்திக் கிதார் விரலால் மீட்டுவதற்கென்று செய்யப்படுவது. ஆதலால் மீட்டுகோலின் உராய்வைத் தாங்கும் காப்புத்தகடு அதில் இராது. நெல்சனோ மீட்டுகோலால் வாசித்தார். பல்லாயிரம் இரவுகளில் அந்த உராய்வு பலகையையே அரித்து, ஒலித்துளைக்குப் பக்கத்தில் இன்னொரு பெருந்துளையை உண்டாக்கிவிட்டது. அவர் வேறு கிதார் வாங்கவும் இல்லை. துளையை மூடவும் இல்லை. ஆஸ்டின் நகரத்துக் கைவினைஞர் ஒருவர் அவ்வப்போது அதன் உட்பக்கத்துத் தாங்குகட்டைகளை வலுப்படுத்தித் தந்தார். துளை தேய்வு; தாங்குகட்டை தளர்வது பழுது. முன்னதை விட்டுப் பின்னதை மட்டும் செப்பனிட்ட அந்தக் கைவினைஞரின் அறிவை நாம் வணங்குகிறோம்.

இங்கே ஒரு சிறு செய்தி. ட்ரிக்கரின் முதுகும் பக்கங்களும் பிரேசில் நாட்டு ரோஸ்வுட் மரம். அந்த மரம் கிடைப்பது அரிதாகவே, அதே 1969ஆம் ஆண்டில் மார்ட்டின் நிறுவனம் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறத் தொடங்கியது. அது வேறொன்றுமன்று, நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் வளரும் ஈட்டி மரந்தான். நம் மலையில் மழை குடித்த மரம் அமெரிக்கன் மடியில் பாடுகிறது!

அயர்லாந்தின் ரோரி காலஹர் கையிலிருந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் இன்னொன்று. 1961ஆம் ஆண்டில் செய்யப்பட்டது. 1963ஆம் ஆண்டில், பதினைந்து வயதில், கார்க் நகரக் கடையொன்றில் நூறு பவுண்டுக்கு அவர் வாங்கியது. ஒருமுறை டப்ளினில் களவு போய், சில நாட்கள் வெளியில் மழையில் கிடந்து மீண்டும் கிடைத்தது. ஓயாத வாசிப்பும் வியர்வையும் அதன் பூச்சை ஏறத்தாழ முழுவதுமாக உரித்துவிட்டன. 1995ஆம் ஆண்டில் அவர் மறையும் வரை அதுவே அவர் குரல். 2024 அக்டோபரில் அது லண்டனில் ஏலத்துக்கு வந்து, ஏறத்தாழ ஒன்பது லட்சம் பவுண்டுக்குப் போயிற்று. வாங்கியவர்கள் அதை அயர்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்துக்கே வழங்கினர். விலை கொடுக்கப்பட்டது மரத்துக்கா, பூச்சுக்கா? பூச்சு இல்லாத இடத்துக்கு அன்றோ!

கிதாரைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டு ஆம்ப்ளிபையரைப் பற்றிப் பேசாதிருப்பது, பாடகனைப் புகழ்ந்துவிட்டு அவன் தொண்டையை மறப்பது போலாகும். மின்கிதார் தனித்து நின்றால் கொசுவின் ரீங்காரமே. தந்தி அதிர்கிறது, அதன் கீழே காந்தத்தைச் சுற்றிய மெல்லிய செப்புக்கம்பிச் சுருளில் மிகச் சிறிய மின்னலை எழுகிறது, அதைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புவது வால்வு. காற்றகற்றிய கண்ணாடிக் குமிழுக்குள் இழை சிவக்கச் சூடேறும்போது, அதிலிருந்து எழும் மின்துகள்களை ஒரு வலை தடுத்தும் விடுத்தும் ஆள்கிறது. கிதாரின் மின்னலை அந்த வலையை அசைக்கிறது. வலையின் சிறு அசைவு பெரும் மின்னோட்டத்தை அசைக்கிறது. தாங்கும் அளவுக்கு மேல் ஒலியைத் தள்ளினால், டிரான்சிஸ்டர் அலையின் தலையைக் கத்தரித்தாற்போல் வெட்டிவிடும். வால்வோ படிப்படியாக அழுத்தி வளைக்கும். அந்த வளைவே, கலைஞர்கள் விரும்பித் தேடும் கரகரப்பான இனிமை.

இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்து டார்ட்ஃபோர்டில் டாம் ஜென்னிங்ஸ் நடத்திய நிறுவனம், டிக் டென்னி என்பவரின் வடிவமைப்பில் ‘வாக்ஸ் ஏ.சி. 30’ என்னும் ஆம்ப்ளிபையரை உருவாக்கியது. ஷேடோஸ் குழுவினரும் பீட்டில்ஸ் குழுவினரும் கையாண்டது அது. அதன் முதுகுப் பலகையைக் கழற்றி உள்ளே பார்த்த அன்று நாம் அடைந்த மகிழ்ச்சி சொல்லில் அடங்காது. வரிசையாக நின்ற நான்கு வால்வுகளும் ஈ.எல். 84! நம் வீடுகளில் இலங்கை வானொலியைப் பாட வைத்த பல பெட்டிகளில் இறுதி வால்வாக இருந்ததும் அதே ஈ.எல். 84. பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையும் அதைச் செய்தது. லண்டனைக் கலக்கிய ஓசைக்கும், நாகையில் ‘பொங்கும் பூம்புனல்’ கேட்ட காலைக்கும் தொண்டை ஒன்றே. இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த நாட்களில் நம் நாட்டு இசைக்குழுவினர் பலர் வானொலிக் கடைக்காரர்களிடம் சொல்லித் தமக்கு வேண்டிய ஆம்ப்ளிபையர்களைச் செய்து கொண்டனர். அத்தகைய ஒன்று, தேக்குப் பலகைப் பெட்டியோடு, இன்றும் நம்மிடம் உழைக்கிறது. ஏ.சி. 30, பெங்களூரில் நடன இசைக்குழு நடத்திய ஆங்கிலோ இந்திய நண்பர் ஒருவரிடம் பெற்றது.

ஆம்ப்ளிபையரில் தேய்வையும் பழுதையும் பிரித்தறிவது கிதாரில் பிரிப்பதைவிடக் கடினம். நெடுநாள் உறங்கிய பெட்டியை நேரே மின்சாரத்தில் இணைப்பது ஆபத்து. நம் தொழிலில் ‘சீரிஸ் விளக்கு’ என்று ஒன்று உண்டு. நூறு வாட் குமிழ்விளக்கு ஒன்றின் வழியாக மின்சாரத்தைச் செலுத்துவோம். விளக்கு ஒருமுறை பளிச்சிட்டு மங்கினால் பெட்டி நலம். மங்காமல் எரிந்து கொண்டே இருந்தால் உள்ளே எங்கோ குறுக்குச் சுற்று. மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கண்டன்சர்கள் ஆண்டுகள் பல கடந்தால் உள்ளே உலர்ந்து போகும். அவற்றை மாற்றத்தான் வேண்டும். இணைப்பைத் துண்டித்த பின்னும் முந்நூறு, நானூறு வோல்ட் அவற்றில் பதுங்கியிருக்கும். அறியாமல் தொட்டால் உயிருக்கே ஆபத்து நேரலாம். பழைய இரட்டைக் கம்பி வயரை அகற்றி, நிலத்தொடர்புள்ள மூன்று கம்பி வயரைப் பொருத்துவதிலும் தயக்கம் கூடாது. ‘பழமை கெடும்’ என்று இவற்றைத் தொடாது விடுவோர் பழமையைக் காப்பவர் அல்லர். உயிரைப் பணயம் வைப்பவர். ஆனால் டிரான்ஸ்பார்மரையும் ஸ்பீக்கரையும் நாம் எளிதில் மாற்றுவதில்லை. ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு பல்லாண்டு அதிர்வால் இளகி, புதிய கூம்புக்கு வராத கனிவைப் பெற்றிருக்கும். அது தேய்வு, அது செல்வம்.

நமது பிரிவினைக்கு அடங்காதவையும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. 1951ஆம் ஆண்டில் ஐக் டர்னரின் குழு மெம்ஃபிஸ் நகருக்கு ‘ராக்கெட் 88’ என்னும் பாடலைப் பதிவு செய்யச் சென்றபோது, வழியில் ஆம்ப்ளிபையர் சேதமடைந்தது. ஸ்பீக்கரின் கூம்பில் காகிதத்தைத் திணித்து ஒருவாறு ஒப்பேற்றினர். அதனால் பிறந்த கரகரப்பே அந்தப் பாடலின் புகழாயிற்று. 1964ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ‘கிங்க்ஸ்’ குழுவைச் சேர்ந்த டேவ் டேவிஸ் தம் சிறு ஆம்ப்ளிபையரின் ஸ்பீக்கரைச் சவரத் தகட்டால் தாமே கிழித்தார். பழுதும் சில வேளைகளில் குரலாகும். ஆனால் கிழித்தவன் உடனே எடுத்து வாசித்தான் என்பதை மறவாதிருப்போம். பழுதை ஓசையாக்கியதும் வாசிப்பே.

வணிகத்தின் கை பட்டபோது இந்த உலகம் மாறியது. கிப்சன் நிறுவனம் 1958 முதல் 1960 வரை செஞ்சுடர் வண்ணத்தில் செய்த ‘லெஸ் பால்’ கிதார்கள் ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறுதான். அன்று அவை சரிவர விற்கவில்லை, உற்பத்தியை நிறுத்திவிட்டனர். எரிக் கிளாப்டன் போன்ற இங்கிலாந்து இளைஞர்கள் அவற்றை மார்ஷல் ஆம்ப்ளிபையரில் முழு ஒலியில் வாசித்துக் காட்டிய பின் உலகம் விழித்துக் கொண்டது. 1968ஆம் ஆண்டில் லெஸ் பால் மீண்டும் உற்பத்திக்கு வந்தது. பழையவற்றின் விலையோ இன்று பல லட்சம் டாலர். அவற்றின் சிவப்புச் சாயம் வெயில் பட்டால் வெளிறும். அதனால் இரண்டு கிதார்கள் ஒருபோல் இல்லை. ஒன்று தேன் நிறம், ஒன்று எலுமிச்சை நிறம். வெயிலில் வைத்து வாசிக்கப்பட்டதால் வந்த அழகை, இன்று இருட்டறையில் பூட்டிக் காக்கிறார்கள்!

சேகரிப்போர் ‘தொடப்படாதது’ என்ற சொல்லுக்கே விலை தருகின்றனர். உள்ளே பற்றவைத்த ஈயத்தைக்கூட உருப்பெருக்கி வைத்து ஆராய்கின்றனர். ஆனால் 2019ஆம் ஆண்டில் டேவிட் கில்மர் தம் கிதார்களை ஏலம் விட்டு, கிடைத்த இரண்டு கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகையைச் சுற்றுச்சூழல் காக்கும் அறப்பணிக்கு அளித்தபோது, அன்று வரை எந்தக் கிதாரும் ஏலத்தில் பெறாத விலையைப் பெற்ற அவருடைய கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர் தொடப்படாதது அன்று. பல்லாண்டுகளில் அதன் கழுத்தே பலமுறை மாற்றப்பட்டிருந்தது. பீட்டர் கிரீனின் 1959ஆம் ஆண்டு லெஸ் பால் கேரி மூரிடம் சென்று, பின்னர் 2014ஆம் ஆண்டில் கர்க் ஹாமெட்டிடம் வந்தது. ஹாமெட் அதை மேடைக்கு எடுத்துச் சென்று வாசித்தார். தொடுவதால் குறைவது ஒன்று, கூடுவது வேறொன்று.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1995ஆம் ஆண்டு முதல் ஃபெண்டர் நிறுவனம் புதிய கிதார்களையே பழையவை போல் தேய்த்து, கீறி, துருவேற்றி விற்று வருகிறது. வாங்குவோர் வரிசையில் நிற்கின்றனர். அவர்களை நாம் பழிக்கவில்லை; பழைய கிதாரின் விலை எட்டாதவர்களுக்கு அதன் தோற்றமேனும் ஆறுதல். ஆயினும் அந்தத் தேய்வைப் படிக்க முயன்றால் ஒன்றும் விளங்காது. யாருடைய முன்கை? எந்தப் பாட்டு? அது எழுத்தைப் போன்ற கிறுக்கல், எழுத்தன்று.

சாச்சாவின் கிதார் விஷயத்தில் இந்தச் சிந்தனைகளெல்லாம் நமக்குச் சோதனையாக வந்து நின்றன. அதன் மெட்டுகள் மிகத் தேய்ந்துவிட்டமையால் பல இடங்களில் சுரம் இரைந்தது. மெட்டுகளை மாற்றினால் ஒலிக்கும். ஆனால் சாச்சாவின் விரல் எழுதிய பக்கங்கள் போய்விடும். மாற்றாவிட்டால் பக்கங்கள் இருக்கும், கருவி ஊமையாகும். சென்னையிலிருந்து வந்த சேகரிப்பாளர் ஒருவர் நல்ல விலை பேசினார். “அப்படியே இருக்கட்டும், தந்திகூடப் போட வேண்டாம், கண்ணாடிப் பெட்டி செய்து வைத்துக் கொள்கிறேன்” என்றார். நமது பொருள்நிலையில் அந்தத் தொகை சிறிதன்று. முடிவெடுக்க ஓராண்டு ஆயிற்று.

அந்த ஓராண்டில் சாச்சாவின் பேரன், பதினேழு வயதுப் பிள்ளை, வாரந்தோறும் நம் வீட்டுக்கு வந்து மற்றக் கிதார்களில் பழகினான். ஒருநாள் அந்த உறையைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டான்: “பெரியவாப்பா, அப்பாவுடைய வாப்பா வாசித்தது இது என்றால், வாசிக்கத்தானே இது இருக்கிறது?” நாம் மறுமொழி சொல்லவில்லை. சேகரிப்பாளருக்கு மட்டும் கடிதம் எழுதிவிட்டோம், விற்பதற்கில்லை என்று.

மெட்டுகளை மாற்றினோம். கழற்றிய பழைய கம்பிகளை, முதலாவது முதல் கடைசி வரை எண்ணிட்ட துணி நாடாவில் வரிசையாகத் தைத்து, ஒரு தகரப் பெட்டியில் வைத்தோம். படிக்க விரும்புவோர் என்றும் படிக்கலாம். முன்கை கரைத்த விளிம்பையும், பெருவிரல் வழித்த பாதையையும், தொடை மங்கச் செய்த வளைவையும் தொடவேயில்லை. காந்தச் சுருளின் அறுந்த கம்பியை மீண்டும் சுற்றினோம். துருப்பிடித்த வால்யூம் கண்ட்ரோலைத் துடைத்துச் சீராக்கினோம். பழுதானது செப்பமாயிற்று, தேய்ந்தது தேய்ந்தபடி இருக்கிறது.

இப்போது அது அந்தப் பிள்ளையின் கையில். விலைக்கும் அன்று, பரிசாகவும் அன்று, அமானிதமாக. அவனுடைய முன்கை, தாத்தாவின் முன்கை கரைத்த இடத்திலேயே அமர்கிறது. ஆனால் அவன் வாசிப்பு வேறு. மெல்லிய தந்திகளில் தனித்து உலவுவதைவிட, நண்பர் நால்வரோடு சேர்ந்து சுரக்கோவை மீட்டுவதே அவனுக்கு உவப்பு. தோள்வார் மாட்டி நின்று கொண்டு வாசிக்கிறான். சென்ற மாதம் தந்தி மாற்றுவதற்காகக் கொண்டு வந்தபோது, உருப்பெருக்கியின் கீழே பார்த்தோம். புதிய மெட்டுகளில், இரண்டாவதிலும் மூன்றாவதிலும், மயிரிழை போல் ஒளிரும் சிறு கோடுகள். முதுகில், இடைவாரின் கொக்கி இழைத்த முதற்கீறல் ஒன்று.